எட்டு வயதுக்கு முன்பே மார்பு மொட்டு விட்டால்: சிறுமிகளுக்கான வயிற்று ஸ்கேன், படிப்படியாக

எங்கள் காரைக்குடிப் பக்கம் இதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் அப்பத்தாதான். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பேத்தியின் மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ கையில் தட்டுப்படும். அழுத்தினால் பிள்ளை "வலிக்குது அப்பத்தா" என்பாள். அன்று சாயங்காலமே மலேசியாவிலோ சென்னையிலோ இருக்கும் மகனுக்கு ஃபோன் போகும். மறுநாள் காலை, யாரோ சொன்னார்கள் என்று நேராக ஸ்கேன் சென்டருக்கு வந்து நிற்பார்கள். "எப்போ வயசுக்கு வருவான்னு பார்த்துச் சொல்லுங்க டாக்டர்" என்பதுதான் அவர்கள் கேட்பது.

ஸ்கேன் எடுப்பதே என் வேலை. இருந்தும் அந்தக் கேள்விக்கு என்னால் தேதி சொல்ல முடியாது. யாராலும் முடியாது. ஆனால் வேறொரு கேள்விக்கு அல்ட்ராசவுண்ட் தெளிவாகப் பதில் சொல்லும்: இந்தக் குழந்தையின் கருப்பையை ஈஸ்ட்ரோஜன் தொட்டிருக்கிறதா, இல்லையா? பெண் ஹார்மோன் உடம்பில் ஊறத் தொடங்கினால், வெளியே தெரிவதற்கு முன்போ அதோடு கூடவோ, கருப்பையின் நீளமும் உருவமும் மாறும். அந்த மாற்றத்தைக் கதிர்வீச்சு இல்லாமல், ஊசி இல்லாமல், கால் மணி நேரத்தில் அளந்துவிடலாம். இந்த ஒன்றை நன்றாகச் செய்து, இதற்கு மேல் அதனிடம் கேட்காமல் இருந்தால், பிள்ளைக்கு நிறைய அலைச்சல் மிச்சமாகும்.

வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள்

பெண் குழந்தைக்கு 8 வயது முடிவதற்கு முன் மார்பு வளரத் தொடங்கினால் அதை முன்கூட்டிய பூப்பு என்று மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். 8 முதல் 13 வரை எப்போது தொடங்கினாலும் இயல்புதான். இங்கே ஒரு சிக்கல். நம் ஊரில் "எட்டு நடக்குது" என்றால் ஏழு முடிந்து எட்டு ஓடுகிறது என்று அர்த்தம். சிலர் பள்ளியில் சேர்ப்பதற்காகப் பிறந்த தேதியையே மாற்றி எழுதியிருப்பார்கள். ஏழே முக்கால் வயதா, எட்டே கால் வயதா என்பதில் மருத்துவரின் முடிவே மாறும். ஆகவே ஆஸ்பத்திரிப் பிறப்புச் சான்றில் உள்ள உண்மையான தேதியை எடுத்து வாருங்கள். ஆதாரில் வேறு இருந்தாலும் பரவாயில்லை, டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

அதோடு ஒரு தாளில் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்பு எந்த மாதம் தெரிந்தது, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, அதற்குப் பிறகு பெரிதானதா அப்படியே நிற்கிறதா. அக்குளிலோ அடிவயிற்றுக்குக் கீழோ முடி இருக்கிறதா, பெரியவர்களைப் போல வியர்வை வாடை வருகிறதா, வெள்ளைப்படுகிறதா, ஒரு சொட்டாவது இரத்தம் பட்டதா. தலைவலி, காலை வாந்தி, பார்வை மங்கல் உண்டா. உடம்பில் பால் கலந்த காப்பி நிறத்தில் பெரிய தேமல் போன்ற படைகள் பிறந்ததிலிருந்து இருக்கின்றனவா. வீட்டில் யாராவது ஹார்மோன் மாத்திரையோ ஹார்மோன் கிரீமோ பயன்படுத்துகிறார்களா, பிள்ளை கைக்கு அது எட்டுகிறதா. அம்மா எத்தனை வயதில் வயதுக்கு வந்தார் என்பதும் வேண்டும். இதை மட்டும் பெரும்பாலும் யாரும் யோசித்துக்கொண்டு வருவதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது உயரம். பள்ளி மருத்துவ அட்டையிலோ, பட்டாசாலைத் தூணில் போட்ட பென்சில் கோட்டிலோ பழைய அளவு கிடைத்தால் அது பொன். பூப்புக்கு முன் ஒரு பெண் குழந்தை ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்வாள். திடீரென 8, 9 செ.மீ. என்று தாவியிருந்தால் உள்ளே ஹார்மோன் வேலை செய்கிறது என்று பொருள். "போன தீபாவளிக்கு எடுத்த பாவாடை இப்போ முழங்காலுக்கு ஏறிடுச்சு" என்று ஓர் ஆத்தா சொன்னார். அது பல ரிப்போர்ட்டுகளைவிட நல்ல தகவல்.

ஸ்கேனுக்கு முன் குழந்தை மருத்துவர்

நேராக ஸ்கேனுக்கு வராதீர்கள். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கையால் தொட்டுப் பார்த்தே பாதியைச் சொல்லிவிடுவார். உடல் பருமனான குழந்தைக்கு மார்பில் தெரிவது வெறும் கொழுப்பாக இருக்கலாம். விரலால் அழுத்தினால் காம்புக்கு அடியில் தட்டு போன்ற சுரப்பித் திசு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மார்பு வளர்ச்சியை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் டேனர் அளவுகோலை, 1969ல் மார்ஷலும் டேனரும் வெளியிட்ட ஆய்வின் வழியே, இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறோம். மொட்டு விடுவது அதில் இரண்டாம் நிலை. அங்கிருந்து முதல் மாதவிலக்கு வரச் சாதாரணமாக இரண்டு, இரண்டரை ஆண்டுகள் ஆகும். மொட்டு தெரிந்த வாரமே "சமைஞ்சிடுவாளோ" என்று பதற வேண்டியதில்லை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மார்பு லேசாகத் தெரிந்தால் கதை வேறு. அந்த வயதில் அது அடிக்கடி நடப்பது. பெரும்பாலும் தானாக அடங்கும். உயரம் தாவாமல், வேறு அறிகுறி இல்லாமல் இருந்தால் கண்காணிப்பு மட்டும் போதும்.

பச்சிளங்குழந்தைகளின் மார்பைச் சிலர் பிழிந்து விடுவார்கள். பெரிய பிள்ளையின் மொட்டைச் சிலர் கட்டி என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவி விடுவார்கள். இரண்டையும் செய்யாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் முதலில் மொட்டு விடுவதும் இயல்புதான்; இன்னொரு பக்கம் சில மாதங்களில் வந்து சேரும். அதைக் கட்டி என்று கருதி ஊசி குத்திச் சதை எடுத்தாலோ வெட்டினாலோ, அந்தப் பக்க மார்பே பிற்காலத்தில் வளராமல் போகலாம். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

குழந்தை மருத்துவர் இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே எழுதித் தருவார். எலும்பின் வயதைப் பார்க்க அது. ஏழு வயதுக் குழந்தையின் எலும்பு ஒன்பதரை வயது என்று காட்டினால், உயரம் இப்போது வேகமாக ஏறி, பிறகு சீக்கிரமே நின்றுபோகும் அபாயம் இருக்கிறது. சினைப்பையைத் தூண்ட மூளையடிச் சுரப்பி அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகையான எஸ்ட்ராடயால், தைராய்டு ஆகிய ஹார்மோன்களுக்கான இரத்தப் பரிசோதனைகளும் இருக்கும். இவற்றோடு சேர்த்துத்தான் வயிற்று ஸ்கேன்.

ஸ்கேன் நாள்: தண்ணீர்தான் எல்லாம்

சிறுமிகளுக்கு இந்த ஸ்கேன் வயிற்றின் மேலே வைத்து மட்டுமே எடுக்கப்படும். உள்ளே எதையும் செலுத்த மாட்டார்கள். இதை அம்மாக்கள் கேட்கத் தயங்குகிறார்கள். அதனால் நானே முதலில் சொல்லிவிடுவேன்.

கருப்பை சிறுநீர்ப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதுவே ஒரு ஜன்னல் கண்ணாடி மாதிரி. ஒலியலை அதன் வழியே தடையில்லாமல் போய்ப் பின்னால் இருப்பதைக் காட்டும். வெறும் சிறுநீர்ப்பையோடு வந்தால் குடலில் இருக்கும் காற்று எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் கொடுக்க ஆரம்பியுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு, மூன்று டம்ளர் போதும். குடித்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சரியாக இருக்கும். தேவகோட்டை, பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் வந்து இறங்கியதும் கழிப்பறைக்குக் கூட்டிப் போய்விட்டு அப்புறம் என்னிடம் வருவார்கள். திரும்ப ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கலர் பானம் வேண்டாம், அதில் இருக்கும் காற்று படத்தைக் கெடுக்கும். தண்ணீர், மோர், இளநீர் எது வேண்டுமானாலும் கொடுங்கள்.

அளவுக்கு மீறி நிரப்புவதும் தவறு. "இன்னும் குடி, இன்னும் குடி" என்று ஊற்றிவிட்டால் சிறுநீர்ப்பை பலூன் போல ஊதி, கருப்பையை அழுத்தி இழுத்து நீட்டிவிடும். அப்போது 3.2 செ.மீ. உள்ள கருப்பை 3.7 என்று அளவில் வரலாம். நாம் பேசுவதே இந்த அரை சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் பற்றித்தான். பிள்ளை நெளிந்தால், கண்ணில் நீர் முட்டினால், கொஞ்சம் போய்விட்டு வரச் சொல்லிப் பிறகு அளப்பேன்.

பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஸ்கேன் முடியும் வரை அம்மாவோ பாட்டியோ பக்கத்திலேயே நிற்கலாம், நிற்க வேண்டும். அறைக்குள் வேறு ஆட்கள் தேவையில்லை. பாவாடையை அடிவயிறு வரை மட்டும் இறக்கினால் போதும்.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிக் கூட்டி வாருங்கள். "சும்மா போட்டோ எடுக்கப் போறோம்" என்று சொல்லிக் கூட்டி வந்த பிள்ளை, இருட்டறையையும் படுக்கையையும் பார்த்ததும் அலறும். "வயித்து மேல குளிர்ச்சியா ஒரு பசை தடவி, டிவியில உன் வயித்துக்குள்ள பார்ப்பாங்க, வலிக்காது, நான் கையைப் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில் இந்தப் பிள்ளைகள் அளக்கும் கோட்டைத் திரையில் பார்த்து என்னிடமே கேள்வி கேட்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்கேன் சென்டர் வாசலில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்ற பலகை சட்டப்படி தொங்கும். அதைப் பார்த்துவிட்டு, சின்னப் பெண்ணை இங்கே கூட்டி வந்தால் ஊரில் என்ன பேசுவார்களோ என்று பயந்து, இருட்டிய பிறகு வரும் குடும்பங்கள் உண்டு. சிறுநீரகக் கல்லுக்கும் குடல்வாலுக்கும் எடுப்பதும் இதே ஸ்கேன்தான். பகலிலேயே வாருங்கள்.

கருப்பையை அளப்பது

பூப்புக்கு முன் உள்ள கருப்பை ஒரு குழாய் மாதிரி இருக்கும். மேல்பகுதியான ஃபண்டஸும் கீழ்க்கழுத்தான செர்விக்ஸும் ஒரே பருமன், அல்லது கழுத்தே பெரிதாக இருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஊறத் தொடங்கினால் மேல்பகுதி புடைத்து, முழு உறுப்பும் பேரிக்காய் வடிவுக்கு வரும். பார்த்த மாத்திரத்தில் கண்ணில் படுவது இந்த வடிவ மாற்றம். எண்கள் அதற்குப் பிறகு.

முதலில் நெடுக்குவெட்டுப் படம். ஃபண்டஸின் உச்சியிலிருந்து செர்விக்ஸின் நுனி வரை ஒரே படத்தில் முழுதாகத் தெரிய வேண்டும். கருப்பை சற்றுச் சாய்ந்திருந்தால், வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேன் கருவியான புரோபையும் சாய்க்க வேண்டும். நேர் நடுவில் வைத்தே அளந்தால் நீளம் குறைந்து வரும். அதே படத்தில் ஃபண்டஸின் முன்பின் தடிமனையும் செர்விக்ஸின் முன்பின் தடிமனையும் தனித்தனியே அளக்க வேண்டும். பிறகு புரோபைக் குறுக்காகத் திருப்பி அகலம். பொதுவாக வளைவான புரோபே போதும். ஒல்லியான சின்னப் பிள்ளைக்கு அதிக அதிர்வெண் உள்ள புரோப் இன்னும் தெளிவாகக் காட்டும்.

நீளம் 3.5 செ.மீ.க்குக் குறைவு, வடிவம் குழாய் என்றால் பூப்பு தொடங்காத கருப்பை என்று எடுத்துக்கொள்ளலாம். முன்கூட்டிய பூப்புக்கான எல்லைக்கோடு என்று 2009ல் வெளியான சர்வதேச நிபுணர் கருத்தொற்றுமை அறிக்கை குறிப்பிடுவது 3.4 முதல் 4.0 செ.மீ. வரை. ஒரே எண் தராமல் ஒரு வீச்சைத் தந்திருப்பதைக் கவனியுங்கள். வெவ்வேறு ஆய்வுகளில் வெவ்வேறு எல்லை வந்ததே காரணம். 3.6 என்று வந்துவிட்டது என்பதற்காக மட்டும் பிள்ளைக்குப் பட்டம் கட்டிவிட முடியாது. அந்த இடைவெளியில் விழும் பிள்ளைகளுக்கு வடிவமும் உட்சவ்வும் எலும்பு வயதும் சேர்ந்தே பதில் சொல்லும்.

கன அளவுக்குச் சூத்திரம் எளிது: நீளம் × தடிமன் × அகலம் × 0.523. எடுத்துக்காட்டாக 2.8 × 0.8 × 1.2 செ.மீ. உள்ள கருப்பை 1.4 மி.லி. வரும். 4.2 × 1.8 × 2.0 என்றால் 7.9 மி.லி. முதல் எண் அமைதியான கருப்பை, இரண்டாவது விழித்துக்கொண்ட கருப்பை. நீளத்தில் ஒன்றரை மடங்குதான் வித்தியாசம், கனத்தில் ஐந்து மடங்குக்கு மேல். அதனால்தான் மூன்று அளவையும் எழுதச் சொல்கிறேன்.

அப்புறம் உட்சவ்வு. ரிப்போர்ட்டில் எண்டோமெட்ரியல் எக்கோ என்று இருக்கும். கருப்பையின் நடுவில் வெள்ளையாக ஓடும் மெல்லிய கோடு அது. அந்தக் கோடு தெளிவாகத் தெரிந்தால் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். பூப்பு தொடங்காத பிள்ளைக்கு இந்தக் கோடு தெரியாது என்பதை மேலே சொன்ன அறிக்கை ஏறக்குறைய 100 சதவீதம் என்கிறது. ஆனால் திருப்பிப் போட்டால் அது உண்மையல்ல. பூப்பு தொடங்கிய பிள்ளைகளில் 42 முதல் 87 சதவீதம் பேருக்குத்தான் கோடு தெரிகிறது. கோடு இருந்தால் நம்புங்கள். கோடு இல்லை என்பதற்காக "ஒன்றுமில்லை" என்று கிளம்பிவிடாதீர்கள்.

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இந்த அளவுகள் செல்லாது. தாயிடமிருந்து வந்த ஹார்மோனால் பச்சிளங்குழந்தையின் கருப்பையே 3.5 செ.மீ. அளவுக்கு இருக்கும், உட்சவ்வும் தெரியும். சில மாதங்களில் சுருங்கிவிடும்.

சினைப்பைகள்: இங்கேதான் அதிகம் பயமுறுத்துகிறார்கள்

கருப்பைக்கு இரு பக்கமும், இடுப்பு இரத்தக்குழாய்களை ஒட்டித் தேடினால் சினைப்பைகள் கிடைக்கும். மூன்று அளவு, அதே 0.523 சூத்திரம். பூப்புக்கு முந்தைய சினைப்பைக்கு மேல் எல்லை என்று ஆய்வுகள் சொல்வது 1 முதல் 3 மி.லி. வரை. கருப்பையைவிட இதில் வீச்சு இன்னும் பெரிது, ஆகவே சினைப்பைக் கன அளவை மட்டும் வைத்து முடிவெடுப்பதை நான் விரும்புவதில்லை.

சினைப்பைக்குள் சின்னச் சின்ன நீர்க்கூடுகள் தெரியும். ஃபாலிக்கிள் என்பது இவைதான். பூப்பு தொடங்காத பிள்ளைக்கும் இவை இருக்கும், 9 மி.மீ.க்குள் இருந்தால் இயல்பு. 4 மி.மீ.க்கு மேல் அளவுள்ளவை ஆறுக்கும் அதிகமாக இருந்தால் மல்டிஃபாலிக்குலர் என்று எழுதுவோம். மூளையிலிருந்து விட்டுவிட்டு வரும் சமிக்ஞை சினைப்பையை எழுப்பிக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

இந்தப் படத்தை ஏழு வயதுப் பிள்ளைக்கு "பி.சி.ஓ.டி." (பி.சி.ஓ.எஸ். என்றும் சொல்லும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் ஒன்றை என்னிடம் கொண்டு வந்தார்கள். அந்தத் தாய் ஒரு மாதமாகத் தூங்கவில்லை. "இதுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறக்குமா" என்று அந்தச் சின்னக் குழந்தையின் முன்னாலேயே கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு ஆத்தாவின் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது. முதல் மாதவிலக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகும் வரை ஸ்கேனை வைத்துப் பி.சி.ஓ.எஸ். என்று முடிவு செய்யக் கூடாது என்று 2018ன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. மாதவிலக்கே வராத குழந்தைக்கு அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. உங்கள் கையில் அப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால், பயப்படாமல் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உண்மையாகவே கவனிக்க வேண்டிய படங்கள் வேறு. ஒரு பக்கம் மட்டும் பெரிய தனி நீர்க்கட்டி, மறுபக்கம் சின்னதாக அமைதியாக இருந்தால், மூளையின் கட்டளை இல்லாமல் சினைப்பை தானாகவே ஹார்மோன் சுரக்கிறதோ என்று யோசிக்க வேண்டும். அதோடு காப்பி நிறப் படைகளும் எலும்புக் கோளாறும் சேர்ந்தால் மக்கியூன் ஆல்பிரைட் என்னும் நிலை. இந்த நீர்க்கட்டி திடீரெனச் சுருங்கும்போது, மார்பு அவ்வளவாக வளராத குழந்தைக்கும் இரத்தம் படும். வீட்டில் "வயதுக்கு வந்துவிட்டாள்" என்று தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது முதல் மாதவிலக்கே அல்ல. நீர்க்கட்டியாக இல்லாமல் திடமான சதைக்கட்டி தெரிந்தால் அன்றே மேல்மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் சினைப்பைக் கட்டிகள் அரிதுதான், ஆனால் தாமதிக்கக் கூடியவை அல்ல. பெரிய நீர்க்கட்டி உள்ள பிள்ளைக்குத் திடீரென ஒரு பக்க அடிவயிற்று வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது அவசர அறுவை சிகிச்சைக்கான விஷயம், காலை வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டு சினைப்பையும் பெரிதாக, நீர்க்கூடுகள் நிறைந்து, ஆனால் பிள்ளை மட்டும் உயரமே ஏறாமல், மலச்சிக்கலோடு, சோர்ந்து, முகம் உப்பி இருந்தால் தைராய்டைப் பாருங்கள். கடுமையான தைராய்டு குறைபாடு இப்படிப் பூப்பை முன்கூட்டியே தூண்டும். 1960ல் வான் விக், கிரம்பாக் என்ற இருவர் இதை விவரித்தார்கள். பூப்பு வேகமாக வந்தால் எலும்பு வயது முந்தும் என்றேன், இங்கே மட்டும் அது பிந்தியிருக்கும். தைராக்சின் மாத்திரை கொடுத்தாலே கட்டிகள் கரைந்து எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். கத்தி வைத்திருந்தால் எவ்வளவு பெரிய அநியாயம் ஆகியிருக்கும்!

மற்ற இடங்கள்

கொழுப்பா சுரப்பியா என்று கைக்குப் புலப்படாவிட்டால் நேர்கோட்டுப் புரோபால் மார்பையும் ஒரு நிமிடம் பார்க்கலாம். பிறப்புறுப்பு முடியும் முகப்பருவும் குரல் மாற்றமும் முன்னே வந்து மார்பு வளராமல் இருந்தால், சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பிகளையும் பார்க்கச் சொல்வார்கள். சில இடங்களில் கருப்பை இரத்தக்குழாயின் டாப்ளரும், அதாவது இரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேனும், எடுப்பதுண்டு; பூப்பு தொடங்கினால் அதில் இரத்த ஓட்டத்துக்கான தடை குறையும். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை.

மார்பு வளர்ச்சி எதுவும் இல்லாமல் இரத்தம் மட்டும் பட்டால், ஸ்கேனில் கருப்பையும் குழாய் வடிவில் அமைதியாக இருந்தால், காரணம் பூப்பு இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். உள்ளே எதையாவது போட்டுக்கொண்டது, நோய்த்தொற்று, அடிபட்டது என்று பல காரணங்கள் இருக்கலாம். பிள்ளையிடம் யாராவது தகாதபடி நடந்தார்களா என்பதையும் கேட்டே ஆக வேண்டும். கேட்கக் கூசும், தெரியும். சந்தேகம் இருந்தால் 1098 என்ற சிறார் உதவி எண்ணை அழையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைப்பது

தேவகோட்டைப் பக்கமிருந்து வரும் இரண்டு ஏழு வயதுப் பிள்ளைகளை எண்ணிக்கொள்ளுங்கள். இருவருக்கும் மார்பு மொட்டு. ஒருத்திக்குக் கருப்பை 2.9 செ.மீ., குழாய் வடிவம், கோடு இல்லை, எலும்பு வயது ஏழு, ஆண்டு வளர்ச்சி 5.5 செ.மீ. இவளுக்கு மார்பு மட்டும் முந்திக்கொண்டது. பூப்பை நிறுத்திவைக்கும் ஊசி தேவையில்லை. நான்கு முதல் ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இப்படித் தொடங்குபவர்களில் சிலர் பிறகு முழுப் பூப்பாக முன்னேறுவார்கள். மற்றவளுக்கு 4.1 செ.மீ., பேரிக்காய் வடிவம், கோடு தெரிகிறது, சினைப்பைகள் 3 மி.லி.க்கு மேல், எலும்பு வயது ஒன்பது, வளர்ச்சி 8 செ.மீ. இவளுக்குப் பூப்பு உண்மையாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த கேள்வி, கட்டளை மூளையிலிருந்து வருகிறதா என்பது. அதற்குப் பதில் ஸ்கேனில் இல்லை, இரத்தத்தில் இருக்கிறது. எல்.எச். அளவு 0.3க்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். தெளிவில்லாவிட்டால் ஒரு ஊசி போட்டுத் தூண்டி, அப்போது எல்.எச். 5க்கு மேல் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். மூளையிலிருந்துதான் என்று உறுதியானால், முக்கியமாக ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் தலைவலி, பார்வைக் கோளாறு உள்ள பிள்ளைக்கும், தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். பெண் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு மூளையில் எந்தக் கோளாறும் இருக்காது. கடிகாரம் முன்னதாக ஓடத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்துக்கு மேல் காரைக்குடியிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ காட்டி, குழந்தை ஹார்மோன் சிகிச்சை தெரிந்தவரின் மேற்பார்வையில் வந்துவிடுங்கள்.

வீட்டில் இதற்குள் பெரிய விசாரணையே நடந்திருக்கும். பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதுதான் காரணம் என்பார் ஒருவர். அந்தக் கோழி வேகமாக வளர்வது இனத் தேர்வாலும் தீவனத்தாலும். ஆடிக் கும்மாயமும் உளுந்தங்களியும் கொடுத்ததால்தான் என்று அப்பத்தா தன்னையே நொந்துகொள்வார். அவரை நோகவிடாதீர்கள், உளுந்து எதையும் முந்தச் செய்யவில்லை. நமக்குத் தெளிவாகத் தெரிந்த தொடர்பு உடல் பருமன். கொழுப்புச் சதை கூடிய பிள்ளைகளுக்கு மார்பு வளர்ச்சி சற்று முன்னதாகத் தொடங்குகிறது. நொறுக்குத் தீனியைக் குறைத்துச் சாயங்காலம் வளவிலோ தெருவிலோ ஓடி விளையாட விட்டால் அந்த ஒன்றை நம்மால் சரிசெய்ய முடியும்.

ஊசியும் மறு ஸ்கேனும்

எல்லாப் பிள்ளைக்கும் சிகிச்சை வேண்டாம். மெதுவாக நகரும் பூப்பு என்றால் பார்த்துக்கொண்டிருப்பதே போதும். வேகமாக ஓடினால், எலும்பு வயது முந்தினால், மூளையிலிருந்து வரும் கட்டளையை அடக்கிவைக்கும் ஜி.என்.ஆர்.எச். அனலாக் ஊசி போடுவார்கள். லூப்ரோலைட் 3.75 மி.கி. நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அல்லது 11.25 மி.கி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை. உயரத்துக்கு அதிகப் பலன் ஆறு வயதுக்கு முன் தொடங்கும் பிள்ளைகளுக்கே. முதல் ஊசிக்குப் பிறகு ஒருமுறை லேசாக இரத்தம் படலாம். அதைப் பார்த்துவிட்டு ஊசியை நிறுத்திவிடாதீர்கள், விழாவுக்கும் நாள் குறிக்காதீர்கள். இந்த ஊசி கருப்பையைக் கெடுத்துவிடும் என்று பேசுவார்கள். நிறுத்திய பிறகு பெரும்பாலும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் மாதவிலக்கு இயல்பாக வந்துவிடுகிறது.

ஊசி வேலை செய்கிறதா என்பதற்கு ஸ்கேன் மீண்டும் உதவும். கருப்பை மேலும் வளராமல் நிற்கும் அல்லது சுருங்கும், உட்சவ்வுக் கோடு மெலியும். ஆறு மாத இடைவெளி போதும், மாதாமாதம் எடுப்பதில் பயனில்லை. முடிந்தால் ஒவ்வொரு முறையும் அதே மருத்துவரிடம், அதே மெஷினில் எடுங்கள். இரண்டு பேர் அளந்தால் 2, 3 மி.மீ. வேறுபடுவது சகஜம், அதை வளர்ச்சி என்று தவறாக எண்ணிவிடுவோம்.

ரிப்போர்ட்டை வாங்கும்போது அதில் இவை இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்: கருப்பையின் மூன்று அளவுகள், ஃபண்டஸ், செர்விக்ஸ் தடிமன்கள் தனித்தனியே, உட்சவ்வு தெரிந்ததா இல்லையா, தெரிந்தால் எத்தனை மி.மீ., இரண்டு சினைப்பைகளின் கன அளவு, மிகப் பெரிய ஃபாலிக்கிளின் அளவு, பிள்ளையின் வயது ஆண்டும் மாதமுமாக. "கருப்பை, சினைப்பை நார்மல்" என்று ஒரே வரியில் முடித்திருந்தால், எண்களை எழுதித் தரும்படி அங்கேயே நின்று கேளுங்கள். படங்களையும் சேர்த்து ஒரே ஃபைலில் போட்டு, மேலே பிள்ளையின் உயரத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஃபைலை அலமாரியில் பூட்டி வைத்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பிள்ளையின் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.